சிலாபத்துக்கு மேலே ஒரு வளைவு

நடந்தவை, வரிசைப்படி:

1. போதைப்பொருள் வழிகள் பற்றிய எங்கள் புதிய அறிக்கையின் வரைபடம் சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறுதியானது.

2. பழைய அறிக்கையில் புள்ளிகளால் போடப்பட்டிருந்த ஒரு கோடு, புதியதில் முழுக்கோடாகியிருந்தது. மன்னார்க் கரையிலிருந்து கொழும்பின் கொட்டாஞ்சேனை வரை வரும் கோடு. வேறு மூன்று ஆவணங்களிலும் அதே வழி சொல்லப்பட்டிருந்ததால் அப்படி மாற்றினோம்.

3. அன்று மதியம் கொட்டாஞ்சேனையை ஒட்டிய ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்து, அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று கேட்டார்.

4. யாரும் பதில் சொல்லவில்லை.

5. வரைபடம் அன்று அச்சுக்குப் போகவில்லை.

நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். வரும் வெள்ளிக்கிழமையோடு நான் இந்த மேசையை விட்டு, வெள்ள அபாய வரைபடங்கள் செய்யும் வேறொரு வேலைக்குப் போகிறேன். திங்கட்கிழமை முதல் நீங்கள் இருவரும் இங்கே இருப்பீர்கள். கடவுச்சொற்கள், கோப்புகள், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இது அவற்றில் அடங்காது.

நீங்கள் நேர்முகத்துக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள்: வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, மூன்றாம் மாடி. ரயில் போகும்போது கண்ணாடிகள் அதிரும். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் வேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பேன். இந்த வேலைக்கு அது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் செய்வது சுருக்கமாக இது. சரக்கு எங்கிருந்து எந்த வழியாக வருகிறது, அதைக் கொண்டுவரும் கூட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிறோம். முன்பு பெரிய படகு, பெரிய ஆள், பெரிய சரக்கு. இப்போது சிறிய பொதிகள். ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்கள். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வரும் கட்டளைகள். எங்காவது ஒரு மதிலடியில் சாமானை வைத்துவிட்டு, வாங்குகிறவனுக்கு இடத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். வழிகள் உடைந்து சிதறச் சிதற, எங்களிடம் கோடு கேட்பவர்களின் அவசரம்தான் கூடுகிறது. வரைபடத்துக்குக் காசு கொடுப்பவர் எவரும் அதில் வெறும் இடத்தைப் பார்க்க விரும்புவதில்லை.

அப்போது இங்கே முழுநேரமாக மூன்று பேர். இயக்குநர், அவரை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ரிஸ்வி நானா, எங்களுக்கு அண்ணன் மாதிரி, கொம்பனித்தெருக்காரர், ஆட்களைச் சந்தித்துக் கதைத்து எழுதிக்கொண்டு வருபவர். வரைபடங்கள் என்னுடையவை.

வந்த பெண்ணின் பெயர் செல்வி. ஜிந்துப்பிட்டியில், முருகன் கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில், மன்னார் பஸ்களுக்குப் பார்சல் சேர்த்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். கையில் நனைந்த குடை. வாசலில் நின்றபடியே நானாவைப் பார்த்தார்.

"நீங்கதானே போன வருஷம் வந்து என் கடையில டீ குடிச்சிட்டு, பார்சல் எப்படிப் போவுது, யாரு அனுப்புறாங்கன்னு எல்லாம் கேட்டது? கார்டு கூட குடுத்தீங்களே."

நானா எழுந்துவிட்டார். "ஓ அக்கா, நான்தான். இரிங்க, இரிங்க."

"இருக்க வரல. இத பாருங்க."

போனை நீட்டினார். பத்திரிகைப் பக்கம் ஒன்றின் படம். அதில் ஒரு வரைபடம், சிவப்புக் கோடு ஒன்று. கோட்டின் நுனியில் கொட்டாஞ்சேனைப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தார்கள். கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் போய்க் கோடு முடிந்தது.

"அந்தச் சந்துல பார்சல் எடுக்கிறது நான் ஒருத்திதான். மன்னார் பஸ் ஓனருங்க மூணு பேரும், இப்ப உங்க சாமான் வேணாம்னுட்டாங்க. பொலிஸ்காரங்க நாய கூட்டியாந்து மோந்து பார்க்க வச்சாங்க. ஒண்ணும் இல்லன்னு அவங்களே சிரிச்சிட்டுப் போனாங்க. ஆனா சந்துல நாய் வந்தத பார்த்தவங்க எல்லாரும், ஒண்ணும் கிடைக்கலங்கிறத பார்க்கல மிஸ்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையசைத்தேன்.

"தண்ணி பைப்புகிட்ட போனா 'குடு மெடம், தூள் விக்கிற மெடம் வர்றாங்க, வழி விடுங்கடி'ன்னு சிரிக்கிறாளுங்க. என் மக டியூஷனுக்குப் போகமாட்டேன்னு படுத்துக்கிச்சு. என் கடையிலயிருந்து என்னா போவுதுன்னு நினைக்கிறீங்க? கல்யாணப் பத்திரிகை, மோட்டர் சாமான், ஆஸ்பத்திரி ரிப்போட்டு. அங்கயிருந்து வர்றது கருவாடு. அந்த நாய்க்கே கருவாட்டு மேலதான் கண்ணு."

நானா சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார்.

"சொல்லுங்க. இந்தக் கோட்டை யாரு போட்டது?"

டொக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "அம்மா, இது பத்திரிகைக்காரர் போட்டது. எங்கட படம் இல்லை."

"அப்ப உங்க படத்துல இந்தக் கோடு இல்லையா சேர்?"

எனக்குப் பின்னால் திரையில் எங்கள் இறுதி வரைபடம் திறந்து கிடந்தது. முழுக்கோடு. நான் எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றேன். டொக்டரும் பதில் சொல்லவில்லை.

செல்வி அக்காவுக்கு அந்த மௌனமே போதுமாயிருந்தது. "வியாழக்கிழமை பெரிய மீட்டிங்காமே. பஸ் ஓனருங்களையும் கூப்பிட்டிருக்கீங்களாம். உங்க ரிப்போட்டுல என்னா வருதுன்னு பார்த்துட்டு, என் பார்சல எடுக்கிறதா இல்லையான்னு சொல்லுவாராம் ஒருத்தர். மத்த ரெண்டு பேரும் அதுக்குக் கூடக் காத்திருக்கல." பத்திரிகைப் படத்தை நானாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, படியிறங்கிப் போனார். குடை சொட்டிய தண்ணீர் வாசலில் கிடந்தது.

அவர் போனதும் டொக்டர் என்னைப் பார்த்தார். "குற்றமில்லாதவை மட்டும்தான் வந்து அழுவினம் எண்டு நினைக்காதையும்."

"அவ அழேல்லை, டொக்டர்."

"சரி, கத்துவினம். இந்த வியாபாரத்துக்கு உள்ளுக்க இருக்கிறவையும் இப்பிடித்தான் படியேறி வருவினம். நான் பார்த்தனான்." விரல்விட்டு எண்ணினார். "வெளிநாட்டு நிறுவனத்தின்ர அறிக்கை. பத்திரிகை. போன பயிற்சிப் பட்டறையில போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் போட்டுக் காட்டின படம். மூண்டு பேர் தனித்தனியா ஒரே வழியைச் சொல்லியிருக்கினம். அவ ஒருத்தி இல்லையெண்டு சொல்லுறா. நீர் எதை எடுப்பீர்?"

இது முட்டாள்தனமான வாதம் இல்லை. இந்த நாற்காலியில் இருந்து நீங்களும் இதையே சொல்வீர்கள். நானும் மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போய்த் தண்ணீரைத் துடைத்தேன். திரும்பி வந்து பத்திரிகைப் படத்தை எங்கள் வரைபடத்தின் மேல் பொருத்தினேன். கோடு உண்மையில் அவருடைய சந்தில்தான் முடிகிறதா, போன் திரையில் அப்படித் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும்தான்.

அந்தச் சந்தில்தான் முடிந்தது. அங்கே பிரச்சினை இல்லை. மேலே, வேறோர் இடத்தில் என் கண் நின்றது.

மன்னார் பஸ்கள் புத்தளத்துக்கு வந்து சிலாபம் வழியாகக் கொழும்புக்கு இறங்கும். கரையோரத் தெரு. படத்திலும் கோடு அப்படித்தான் வந்தது. ஆனால் சிலாபத்துக்குக் கொஞ்சம் மேலே, காரணமே இல்லாமல் உள்நாட்டுப் பக்கம் வளைந்து, மறுபடி கரைக்குத் திரும்பியது. வளைந்த இடத்தில் தெருவே இல்லை. ஒரு குளம்தான் இருக்கிறது. பத்திரிகையில் கீறியவருக்குக் கை வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

வெளிநாட்டு அறிக்கையைத் திறந்தேன். அதே வளைவு, அதே குளத்தின் மேல்.

அதிகாரிகள் காட்டிய படத்தைத் திறந்தேன். அதே வளைவு.

எழுந்து பின்பக்கம் போனேன். கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஒரு ரயில் போனது. வழிகளில் மூன்று பேர் ஒத்துப்போகலாம், தெரு ஒன்றுதானே. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே பிழையை விட முடியாது.

திரும்பி வந்து, நான் வேலைக்குச் சேருமுன் வெளியான எங்கள் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். அதில் அந்தக் கோடு புள்ளிக்கோடாக இருந்தது. 'சாத்தியமுள்ள வழி' என்று கீழே எழுதியிருந்தது. சிலாபத்துக்கு மேலே அதே வளைவு. வளைவின் உட்புறம், கையால் அணைத்துக்கொண்டது போல, ஒரு சதுரப் பெட்டி. கொழும்பைப் பெரிதாக்கிக் காட்டும் பெட்டி. அதன் மேல் ஏறிவிடாமல் கோட்டை விலக்கிக் கீறியிருக்கிறார்கள். மற்ற மூன்று படங்களிலும் அந்த இடத்தில் பெட்டி இல்லை. ஆனால் கோடு, இல்லாத பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனது.

நானாவைக் கூப்பிட்டு நான்கு படங்களையும் காட்டினேன். அவர் பிளேன்டீயைக் கீழே வைக்காமல் நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்மட கோடு, தங்கச்சி."

"ஓம். நாங்கள் போட்டது வெளிநாட்டுக்குப் போய், அங்கயிருந்து பத்திரிகைக்கு வந்து, பிறகு பட்டறைக்குப் போய், எங்களிட்டயே சாட்சியாத் திரும்பி வந்திருக்கு. வழியில ஆரோ புள்ளியை எல்லாம் சேர்த்து முழுக்கோடாக்கிப் போட்டினம்."

"நாமளும்தானே சேர்த்தோம், இண்டைக்குக் காலையில."

பழைய அறிக்கையின் புள்ளிக்கோட்டில் விரலை வைத்தேன். "முதல்ல இது எங்கயிருந்து வந்தது நானா? பழைய அறிக்கைக்கு ஆர் சொன்னது?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னார் ஸ்டாண்ட்ல ஒரு கண்டக்டர். நல்ல பகிடிக்காரன். நான்தான் கேட்டேன், 'நீங்க கடத்துறதா ஈந்தா எப்புடி அனுப்புவீங்க?'ன்னு. அவன் சிரிச்சிட்டு, 'கருவாட்டுப் பெட்டியில வெச்சு ஜிந்துப்பிட்டிக்கு அனுப்புவேன், அத எவன் மூக்கப் பொத்திட்டுத் திறப்பான்?'ன்னான். அத, மன்னார் பார்சல் எடுக்கிற சந்தோட சேர்த்து எழுதிக் குடுத்தேன். சாத்தியம் ஈக்கிதுன்னு. டொக்டர் புள்ளி போட்டார்."

அவ்வளவுதான். மூன்று சாட்சிகளுக்கும் அடியில் ஒரு கண்டக்டரின் பகிடி.

கவனியுங்கள், இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நானா கேட்டதை எழுதினார். டொக்டர் சந்தேகத்தைப் புள்ளிகளால் காட்டினார். எடுத்தாண்டவர்கள் 'உள்ளூர் நிபுணர்கள்' என்று எங்களை மரியாதையோடுதான் குறிப்பிட்டார்கள், பெயர் போடாமல். நாங்கள் மூன்று ஆவணங்களின் எழுத்தையும் வாசித்து, ஒப்பிட்டு, அதன் பிறகே கோட்டை முழுதாக்கினோம். படங்களைப் படங்களாக யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் கவனமாக இருந்து ஒரு பெண்ணின் கடை வாசலுக்கு நாயை அனுப்பிவைத்தோம்.

இருவரும் டொக்டரின் அறைக்குப் போனோம். நான்கு படங்களையும் மேசையில் பரப்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். வளைவின் மேல் விரலை வைத்து நான்கிலும் ஓட்டிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டியை நான்தான் அங்க வைச்சனான்," என்றார்.

"ஏன் டொக்டர் தரையில வைச்சனீங்கள்? பக்கத்தில அவ்வளவு கடல் கிடக்குதே."

"கடலுக்க லோகோ. காசு தந்த எல்லாரின்ர சின்னத்தையும் போட வேண்டியிருந்தது. பெட்டிக்கு இடம் காணேல்லை."

நானாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. டொக்டரும் ஒரு கணம் சிரித்தார். பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் அவர். "திரும்பப் புள்ளிக்கோடாக்குவம். பிறகு ஒருத்தரும் பிழை சொல்லேலாது."

"முந்தியும் புள்ளிக்கோடுதானே போட்டனீங்கள்."

அவர் பழைய படத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"புள்ளி எங்கட கணினியில மட்டும்தான் புள்ளியா இருக்கும் டொக்டர். வெளியால போனா அது கோடு. அந்த பஸ் ஓனர் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அவற்ற கண்ணுக்கு அது அவவின்ர சந்தில முடியும், அவ்வளவுதான்."

"கோட்டை எடுத்தா நாலாம் அத்தியாயம் முழுக்க விழும். 'கடலால வாறது இப்ப பார்சலா மாறுது' எண்டதுதான் இந்த அறிக்கையின்ர புதுச் செய்தி. அதுக்குத்தான் காசு தந்தவை வியாழக்கிழமை வருகினம். நடுவில வெறுமையா இருந்தா ஆர் பதில் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

"அவ உண்மையிலயே உள்ளுக்க இருந்தா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி அக்கா நேர்மையானவர் என்பதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. நல்ல குரல், நனைந்த குடை, ஒரு நாய்ப் பகிடி, அவ்வளவுதான் இருந்தது. இவற்றை வைத்துக் கோட்டை எடுத்தால் நானும் நானாவின் கண்டக்டரைப் போலத்தான். ஆனால் அன்று எங்கள் முன்னால் இருந்தது அவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வி அல்ல. எங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான். அதற்கு மட்டும் பதில் தெளிவாக இருந்தது.

"இருந்தா, அதைத் தேடிக் கண்டுபிடிப்பம்," என்றேன். "இப்ப எங்களிட்ட ஒண்டும் இல்லை."

டொக்டர் நாற்காலியில் சாய்ந்து, வெளியே பார்த்தார். "எடும் அப்ப. வியாழக்கிழமை நீரே எழும்பி நிண்டு சொல்லும்." கோபம்தான். ஆனால் அச்சகத்துக்கு அவரே போன் எடுத்து நிறுத்தினார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் எங்கள் வரைபடம் திரையில் விழுந்தது. மன்னாருக்கும் கொழும்புக்கும் இடையில் ஒன்றும் இல்லை. முதல் கேள்வியே அதுதான் வந்தது, முன்வரிசையிலிருந்து. ஏன் அங்கே வெறுமையாக இருக்கிறது? எங்களுக்குத் தெரியாது என்றேன். பிறகு நான்கு பழைய படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். வளைவு, வளைவு, வளைவு, பெட்டி. பெட்டி வந்ததும் மண்டபம் சிரித்தது. மூன்றாம் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. பட்டறைப் படத்தைச் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

டொக்டர் எழுந்தார். மறுத்துப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். "முதல் பிழை எங்கள் நிறுவனத்துடையது," என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய பெயரை நான் எழுதாதது அவருக்கே பிடிக்கும். ஆனால் அந்த வாக்கியத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேநீர் நேரத்தில் பஸ் முதலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

"அப்ப அந்தப் பொம்பளை கடை சுத்தமா மிஸ்?"

"எனக்குத் தெரியாது. அவவைப் பற்றி எங்களிட்ட ஒண்டும் இல்லை. இருக்கெண்டு போட்டது பிழை."

"தெரியாதுன்னா நான் எப்படி சாமான் ஏத்துறது?"

"போன வருஷம் தெரிஞ்சோ ஏத்தினீங்கள்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல வாய்தான் மிஸ் உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த ரோல்ஸை எடுக்கப் போனார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு செய்தி மூன்று பக்கத்திலிருந்து வந்தால், மகிழ்ச்சியடைவதற்கு முன் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். அவை எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்காதீர்கள். உண்மை எல்லோருக்கும் பொது, அதில் ஒத்துப்போவதில் அதிசயம் இல்லை. எங்கே ஒரே மாதிரிப் பிழை விடுகின்றன என்று பாருங்கள். பிழை அவரவர் சொந்தம். அதுவும் ஒத்துப்போனால், பேசுவது ஒரே வாய்தான். பெரும்பாலும் அது உங்கள் வாயாக இருக்கும்.

இன்னொன்று. 'தெரியாது' என்று எழுதும் நாளில் நிம்மதி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வரவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதற்குள் உண்மையாகவே ஏதோ போய்க்கொண்டிருக்கிறதோ என்று தோன்றும். போகலாம். பார்சல்களாக மாறுவது உண்மையாகவும் இருக்கலாம். அதை இனி நீங்கள்தான் ஒழுங்காகத் தேட வேண்டும். கண்டக்டர்களைப் பகிடிக்கு இழுக்காமல்.

இன்றைய நிலை: எங்கள் வரைபடத்தில் அந்தக் கோடு இல்லை. வெளிநாட்டு நிறுவனம் தன் இணையப் பிரதியைத் திருத்திவிட்டது. பத்திரிகை சிறிய திருத்தம் ஒன்று போட்டது, படம் இல்லாமல். பழைய படம் இன்னும் போன்களில் சுற்றுகிறது. பட்டறைப் படத்தைச் செய்தவர்கள் எங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை, அதை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை நீங்கள் மறுபடி எழுத வேண்டும். செல்வி அக்கா நானாவோடு கதைக்கிறார், என்னோடு இல்லை. மகள் டியூஷனுக்குப் போகிறாள், வேறு இடத்துக்கு. கடை திறந்திருக்கிறது. மூன்று மன்னார் பஸ்களில் ஒன்று மட்டும் அவருடைய பார்சலை ஏற்றுகிறது.